அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கக்கா. எனக்குக் காத்து ஆகாது, தலை கலைஞ்சிரும். இன்னைக்குன்னு பாத்து தலை கலையக் கூடாது. ஏன்னு கேக்காதீங்க. கேட்டாலும் சொல்ல மாட்டேன். அது கான்ஃபிடென்ஷியல்.

நீங்க எங்க போறீக? திருச்செந்தூருக்கா? நானும் அங்கதான். ஆனா யாராச்சும் கேட்டா நான் தூத்துக்குடியிலயே இறங்கிட்டேன்னு சொல்லணும், சரியா? உங்களை யாரு வந்து கேக்கப் போறா, சும்மா சொல்லி வைக்கேன்.

என்ன என் புடவையவே பாக்கீக? பட்டுதான். காலங்காத்தால பஸ்ஸுல பட்டுக் கட்டிக்கிட்டு, தலை நிறைய பூ வச்சுக்கிட்டு, ஒத்தையில ஒரு பொம்பளை போனா யாருக்குத்தான் கேக்கத் தோணாது? சரி, நீங்க யாரோ நான் யாரோ. இறங்குனா அவங்கவங்க வழி. உங்ககிட்ட சொல்லலாம். சொல்லலேன்னா எனக்கு வயிறு வெடிச்சிரும், மூணு மாசமா அடக்கி வச்சிருக்கேன்.

இன்னைக்கு எம் மகளுக்குக் கல்யாணம்க்கா.

சிரிங்க, சத்தமா சிரிக்காதீங்க. கண்டக்டர் பாக்காரு. ஒரே மக, பேரு சுபாஷினி, நாங்க சுபான்னு கூப்பிடுவோம். திருச்செந்தூர் கோயில்ல கல்யாணம். அது அவங்க அப்பாவுக்குத் தெரியாது. அதுதான் விஷயம். நான் என்ன சொல்லிட்டு வந்தேன் தெரியுமா? தூத்துக்குடியில என் தம்பி பால்துரை வீட்டுல போர் போடுறான், பூமி பூஜைன்னு சொன்னேன். அதுக்கு எதுக்குப் பட்டை எடுத்து வைக்கேன்னு அவுக கேக்கணும்ல? கேக்கவே இல்ல. "போயிட்டு வா கனி, ரெண்டு நாள் இருந்துட்டே வா"ன்னாக. எம் பேரு சண்முகக்கனி, அவுக கனின்னுதான் கூப்பிடுவாக. முப்பது வருசமா நான் தம்பி வீட்டுக்குப் போறேன்னு சொன்னா மூஞ்சி ஏழு முழத்துக்கு நீளும். இன்னைக்கு வாயெல்லாம் பல்லு. அவ்வளவு அப்பாவியா ஒரு மனுசனை ஏமாத்துறோமேன்னு எனக்கே ஒரு நிமிசம் மனசு சுருக்குன்னுச்சு.

சுபா ஆபீஸ் வேலைன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டு நேத்தே போயிட்டா. அவுக எங்கேன்னா கேக்கீக? மதுரைக்குப் போயிருக்காக. கூட வேலை பாத்தவரு பேத்திக்குக் காதுகுத்தாம். எனக்கு முன்னாடியே கிளம்பிட்டாக. அதுவும் எனக்கு நல்லதாப் போச்சு பாருங்க. முருகனா பாத்து அமைச்சுக் கொடுத்தது.

முதல்ல இருந்து சொல்லுதேன், அப்பத்தான் புரியும்.

எங்க வீட்டுல இங்கிலீஷுன்னாலே ஒளிச்சுப் பேசத்தான். எனக்குத் தெரிஞ்சது தமிழ், அதுவும் எட்டாங்கிளாஸ் வரைக்கும். அவுக கரண்ட் ஆபீசுல கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு. மக இன்ஜினியருக்குப் படிச்சிருக்கா. எனக்குத் தெரியக் கூடாத விஷயம்னா அப்பனும் மகளும் அந்தானைக்கு இங்கிலீஷுக்குத் தாவிருவாக. மிக்சி ஜாரைக் கீழ போட்டு உடைச்சா இங்கிலீஷ். அவுக ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தா இங்கிலீஷ். எனக்கு டாக்டரு என்ன சொன்னாருன்னு, எனக்கு வந்த சீக்கையே எனக்குத் தெரியாம இங்கிலீஷ்ல பேசுவாக. நான் நடுவுல உக்காந்து ரெண்டு பேரு வாயையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டிருப்பேன்.

பொறவு சுபா பெங்களூர் கம்பெனியில சேந்தா. வீட்டுல இருந்தே வேலைன்னு கோவில்பட்டிக்கே வந்துட்டா. நாள் பூரா போனு. நாள் பூரா இங்கிலீஷ். எனக்குச் சந்தேகம் வந்துட்டு. ஆபீஸ் பேச்சுன்னா மூஞ்சி கடுகடுன்னு இருக்கணும்ல? இவ பேசிக்கிட்டே ஜன்னல் கம்பியைத் தடவுதா. கம்பெனி மேனேஜர்கிட்டப் பேசுறவ ஜன்னல் கம்பியைத் தடவுவாளா? சொல்லுங்க.

எங்க தெருவுல ஜெபசீலி மிஸ்ஸுன்னு ஒரு டீச்சர். ரிட்டயர்டு ஆயிட்டாங்க. சர்ச்சுப் பக்கத்து ஹால்ல பொம்பளைங்களுக்கு மத்தியானம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்காங்க. நான் மாவுக் கடை வச்சிருக்கேன், மத்தியானம் ஆளு வராது. போய்ச் சேந்துட்டேன். வீட்டுல சொல்லல. மிளகாய் காயப் போடப் போறேன், மிஷின்ல அரைக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன். எங்க வீட்டுல அந்த வருசம் அரைச்ச மிளகாய்ப் பொடி இன்னும் தீரல.

மிஸ் முதல் நாளே எல்லாரையும் கேட்டாங்க, எதுக்குப் படிக்கீகன்னு. ஒருத்தி பேங்குல பேசணும்னா. ஒருத்தி பேரன் கூட அமெரிக்காவுக்குப் பேசணும்னா. நான் சொன்னேன்: "மிஸ், எனக்கு ஹவ் ஆர் யூ வேண்டாம். ஐ ஆம் ஃபைன் வேண்டாம். மறைச்சுப் பேசுறவங்க, திட்டம் போடுறவங்க என்னென்ன வார்த்தை பேசுவாங்களோ அது மட்டும் சொல்லிக் கொடுங்க." கிளாசே சிரிச்சுது. மிஸ்ஸும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தாங்க. அவங்களுக்கு ஓரகத்தியே நாலு பேரு.

அம்மாடி, எத்தனை வார்த்தைக்கா! நாம ரகசியம்னு ஒத்தை வார்த்தையை வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்துறோம். இங்கிலீஷ்காரன் ஒளிச்சு வைக்கிறதுக்கு ஒவ்வொரு தினுசுக்கும் ஒரு பேரு வச்சிருக்கான். சீக்ரெட்டுங்கறது சாதாரணம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கூடச் சொல்லும். கான்ஃபிடென்ஷியல்னா கொஞ்சம் மரியாதையானது. ஆபீசுல கவர் ஒட்டி வரும்ல, அந்த மாதிரி. ஹஷ் ஹஷ்னா ஊருக்கே தெரியும், ஆனா ஊரே மெதுவாப் பேசும். ஹிட்டன் அஜெண்டான்னா, எங்க நாத்தனார் வந்து "அண்ணி இளைச்சுட்டீகளே"ன்னு கேப்பா பாருங்க, அது. கேக்கிறது என் உடம்பை, வந்தது எங்க அண்டாவைக் கடன் கேக்க.

பொறவு கிளாண்டெஸ்டைன், திருட்டுத்தனமா நடத்துறது. அது பெரிய வார்த்தை. ஒரு வாரம் மாவு அரைக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகுனேன். கிரைண்டர் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுது? அதுல ஒண்ணு ஆயுதம் இருக்கணும், இல்லேன்னா ஆணும் பொண்ணும் இருக்கணும்னு மிஸ் சொன்னாங்க. கான்ஸ்பிரசின்னா கூட்டுச் சதி, அதுக்கு ரெண்டு பேராச்சும் வேணும். ஒருத்தி தனியா உக்காந்து யோசிச்சா அது வெறும் ஸ்கீமிங்தான். இது தெரியாம நான் இத்தனை வருசம் என்னென்னமோ தனியாவே யோசிச்சிருக்கேன்.

இந்த வார்த்தைக எல்லாம் தெரிஞ்ச பொறவு வீடே மாறிட்டுக்கா. ஃபேனை அணைச்சுட்டு நிப்பேன். குழம்பு தாளிக்கிறதை நிறுத்திட்டுக் கேப்பேன். எல்லாம் புரியாது, ஆனா நம்ம வார்த்தை வந்தா டக்குன்னு காதுல விழும். ஒருநாள் சுபா ஹால்ல நின்னு போன்ல "மை மதர் ஹேஸ் எ ஹிட்டன் அஜெண்டா"ன்னா. எனக்கு வந்தது பாருங்க கோவம்! கையில இருந்த கரண்டியை டங்குன்னு வச்சுட்டுத் திரும்பி அவளை முறைச்சேன். அவ என்னைப் பாத்தா. நான் அந்தானைக்குச் சுதாரிச்சுக்கிட்டு, "கரப்பான்பூச்சி"ன்னு சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியல. பிள்ளை சூதுவாது இல்லாம வளந்தது.

ஆச்சரியம் என்ன தெரியுமா? அன்னையில இருந்து எனக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு ஆயிட்டு. அவ பேசுறது ஒவ்வொரு வார்த்தையும் மணி மணியா விழுது. மெதுவா, நிறுத்தி நிறுத்தி, எங்க மிஸ் பேசுற மாதிரியே இருக்கு. நான் அடுப்படியில நின்னா அவ அடுப்படி வாசல்ல நின்னு பேசுதா. மொட்டை மாடிக்குத் துணி காயப் போடப் போனா அவளும் போனோட மாடிக்கு வாரா. நான் கிரைண்டரைப் போட்டுட்டேன்னா, அது ஓடி முடியுற வரைக்கும் பேசாம நிக்கா. எனக்கு அதிர்ஷ்டம்தானக்கா?

இருமுறீகளா? தண்ணி வேணுமா? சரி.

அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிஞ்சுது. பையன் பேரு மாதேஷ். அவ கூட வேலை பாக்கான். தர்மபுரிப் பக்கம். நம்ம ஆளுங்க இல்ல. அவ போன்ல சொல்லுதா, "இட் இஸ் கான்ஃபிடென்ஷியல். ஃபாதர் மஸ்ட் நாட் நோ. ஃபாதர் வாண்ட்ஸ் ஹிஸ் சிஸ்டர்ஸ் சன்."

அந்தக் கடைசி வார்த்தை இருக்கு பாருங்க, அதுலதான் நான் விழுந்தேன். எங்க வீட்டுல நாலு வருசமா அதுதான் சண்டை. அவுக தங்கச்சி மகனுக்குத்தான் சுபாவைக் கொடுக்கணும்னு அவுக. எங்க அண்ணன் மகனுக்குத்தான்னு நான். ரெண்டு பேரும் விட்டுக் கொடுக்கல. ஒரு பொங்கலுக்கு அடுப்பே ரெண்டு வச்சோம்னா பாத்துக்கோங்க. இப்ப இவ தர்மபுரிக்குப் போறாளா? எங்க அண்ணனுக்கு வருத்தம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா நாத்தனாருக்கும் இல்ல! அண்டாவை வாங்கிட்டுப் போய் அடியில ஓட்டை போட்டுத் தந்தவளுக்கு எம் மக இல்ல! நான் அடுப்படியிலயே நின்னு சிரிச்சேன்.

என்கிட்ட நேராச் சொல்லியிருந்தா சம்மதிச்சிருப்பேனான்னு கேக்கீகளா? மாட்டேன். சத்தியமா மாட்டேன். தர்மபுரியா, ஆளு யாரு, சாதி என்ன, சனம் என்னன்னு சாமியாடியிருப்பேன். ஆனா இது நானாக் கண்டுபிடிச்சதுல்லா? நாமளே தோண்டி எடுத்ததை நாமளே வேண்டாம்னு தூக்கிப் போட மனசு வருமா?

போய் அவ முன்னாடி நின்னேன். "எனக்கு எல்லாம் தெரியும்டி. கிளாண்டெஸ்டைன்!"னேன்.

அவ ஆடிப் போயிட்டாக்கா. அப்படியே முகத்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, தோளு குலுங்கக் குலுங்க அழுதா. பக்கத்துல போய்க் கையை விலக்கிப் பாத்தா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, அவ்வளவு அதிர்ச்சி. "அம்மா, நீ எப்படிம்மா கண்டுபிடிச்சே"ன்னா. "உங்க அப்பன் இல்லடி நான்"னேன். "அம்மா, நீதான் காப்பாத்தணும், அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது"ன்னா. இனிமே இது என் பொறுப்புன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரி சோறே இறங்கல, சந்தோஷத்துல.

அதுல இருந்து வீட்டுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் ஒரு கட்சி. அவுக உள்ள வந்தா பேச்சை மாத்திருவோம். "தக்காளி என்ன விலை"ன்னு நான் கேப்பேன், "மழை வருமா"ன்னு அவ சொல்லுவா. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்காது. அவுக கண்டுக்கவே மாட்டாக. அவுகளுக்கு அந்த நேரம் பாத்து மூளை வேற எங்கயோ போயிட்டு. சுபாவோட சாயங்காலம் வாக்கிங் போக ஆரம்பிச்சாக. போயிட்டு வந்து சும்மா சுவரைப் பாத்துச் சிரிப்பாக. குளிக்கும்போது பாட்டு. பிரஷர் மாத்திரையை மாத்திக் கொடுத்திருப்பாங்களோன்னு நான் டப்பாவை எடுத்துப் பாத்தேன், அதே மாத்திரைதான். ரிட்டயர்டு ஆளுங்க எல்லாம் டூர்னு சொல்லி ஒகேனக்கல் வேற போயிட்டு வந்தாக. வரும்போது ஒரு கூடை மாம்பழம். யாரு கொடுத்தான்னு கேட்டா, "வழியில ஒருத்தங்க"ன்னாக. வழியில போறவனுக்கு யாருக்கா கூடை மாம்பழம் கொடுப்பா? ஏமாந்து விலை கொடுத்து வாங்கியிருப்பாக, சொல்ல வெக்கம்.

நீங்க என்னமோ சொல்ல வாரீக. ஒகேனக்கல் எந்தப் பக்கமா? தர்மபுரிப் பக்கம்தான். அதுக்கென்ன? ஊருன்னு இருந்தா நாலு பேரு போகத்தான் செய்வாங்க.

மாப்பிள்ளையோட அம்மாகிட்ட வீடியோவுல பேசுனேன். தங்கமான பொம்பளை. "அண்ணி, அண்ணன் போன வாரம் சரியாவே சாப்பிடல"ன்னு ஆரம்பிச்சாங்க. எந்த அண்ணன்னேன். அவங்க திருதிருன்னு முழிச்சு, "எங்க அண்ணன்"னாங்க. பொறவு பேச்சுவாக்குல கேட்டா அவங்களுக்குக் கூடப் பொறந்தது எல்லாம் தங்கச்சிங்கதான். பாவம், கல்யாண வேலையில மனுசிக்கு மறதி.

தூத்துக்குடி தாண்டிட்டமா? பேச்சு மும்முரத்துல பாக்கல. சரி, நான் இறங்கியாச்சு, ஞாபகம் வச்சுக்கோங்க.

எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஒண்ணே ஒண்ணுதான்.

தாரை வாக்கிறது தெரியும்ல? பொண்ணோட அப்பா அவ கையைப் பிடிச்சு மாப்பிள்ளை கையில வைக்கணும், பொண்ணோட அம்மா சொம்புல இருந்து தண்ணி ஊத்தணும். ஜோடியாத்தான் மனையில உக்கார முடியும். அவுக இல்லாம நான் ஒத்தையில உக்கார முடியுமா? புருசன் உசுரோட இருக்கும்போது? அதுனால என் தம்பி பால்துரையும் அவன் பொண்டாட்டியும் உக்காந்து தாரை வாத்துக் கொடுப்பாங்கன்னு சுபா சொல்லிட்டா. நான் ஓரமா நிக்கணும். பரவாயில்லடின்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு, கடையில போய் உக்காந்து அழுதேன். பெத்தது நான். ஒத்தைப் பிள்ளை. அந்தத் தண்ணியை என் கையால ஊத்தக் கொடுத்து வைக்கலன்னா அப்பறம் என்னத்தக் கல்யாணம் எனக்கு? அவுக மட்டும் கொஞ்சம் இறங்கி வாற மனுசனா இருந்தா காலுல விழுந்தாச்சும் கூட்டிட்டு வந்திருப்பேன். அவுகளும் பாவம்தானக்கா. மதுரையில எவன் வீட்டுக் காதுகுத்துலயோ உக்காந்திருக்காக, இங்க அவுக பிள்ளைக்குத் தாலி ஏறப் போகுது.

சரி விடுங்க. நல்ல நாளும் அதுவுமா அழக் கூடாது. மை கலைஞ்சிரும்.

என்ன வண்டி நிக்குது? அங்க பாருங்க, ஒரு பஸ்ஸு படுத்துக் கிடக்கு. சனமெல்லாம் ரோட்டோரம் வெயில்ல நிக்கு. பாவம், நம்ம வண்டியில ஏத்துறாங்க. கொஞ்சம் நெருக்கி உக்காருவோம், பிள்ளைத்தாச்சி யாரும் நின்னா...

ஐயோ!

அக்கா, குனிங்க! இல்ல இல்ல, நீங்க நிமிந்து உக்காருங்க, நான் குனியுதேன். உங்க முந்தானையைக் கொஞ்சம் இப்படி விடுங்க. பாக்காதீங்க! முன்வாசல்ல ஏறுனாருல்லா, பட்டு வேட்டி, தலையில துண்டு, மூஞ்சியைப் பாதி மூடிக்கிட்டு? அது எங்க வீட்டுக்காரக. மதுரையில இருக்கிறவுக!

போச்சு. எல்லாம் போச்சு. தெரிஞ்சு போச்சுக்கா. கல்யாணத்தை நிறுத்தத்தான் வாராக. யாரோ சொல்லியிருக்காங்க, நாத்தனார் வேலையாத்தான் இருக்கும். எதுக்குப் பட்டு வேட்டியா? எனக்கென்ன தெரியும், சண்டை போடுறதுன்னாலும் மரியாதையாப் போடுவாக. எங்க உக்காந்திருக்காக? மூணு சீட்டு முன்னாலயா? திரும்பல இல்ல? முருகா, முருகா. எம் பிள்ளை மனையில உக்காந்திருக்கும்போது இவுக போய் நின்னா அவ தாங்குவாளா?

என் போனு அடிக்குது. எடுங்க, பைக்குள்ள இருக்கு, சீக்கிரம். யாரு பேரு வருது? அவுகளா? முன்னாலயே உக்காந்துக்கிட்டு எனக்குப் போன் போடுதாகளா?

ஹலோ. ஆங், சொல்லுங்க. நல்லாக் கேக்குது. நானா, நான் பால்துரை வீட்டுலதான் இருக்கேன். பூஜை ஆரம்பிச்சுட்டு. என்ன சத்தமா? போர் வண்டி ஓடுது. நீங்க எங்க இருக்கீக? மதுரையிலயா? காதுகுத்து முடிஞ்சுட்டா? பந்தி நடக்குதா? நல்லாச் சாப்பிடுங்க. என்னது, என் குரல் ரெண்டு ரெண்டாக் கேக்குதா? எனக்கும் உங்க குரல் ரெண்டாத்தான் கேக்குது. லைன் சரியில்ல. வச்சுருதேன்.

அக்கா, கேட்டீகளா பொய்யை? பந்தி நடக்குதாம்! பொரி உருண்டையைக் கடிச்சுக்கிட்டே சொல்லுதாக, நான் இங்க இருந்து பாக்கேன்.

எதுக்கு எந்திரிக்கீக? வேண்டாம். கூப்பிடாதீக. அக்கா, உங்க காலைப் பிடிக்கேன், கூப்பிடாதீங்க...

கூப்பிட்டுட்டீகளே!

*

வாங்கக்கா, உக்காருங்க, உங்க இடம்தான். அவுக முன்சீட்டுக்கே போயிட்டாக. இடத்தை விட்டுக் கொடுத்துட்டுப் பின்னால போய் நின்னீக, மகராசி. உங்களுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. சொல்லுதேன், மூச்சு வாங்கிக்கிடுதேன்.

வந்து உக்காந்தாக. அவுக என் பட்டைப் பாத்தாக, நான் அவுக பட்டைப் பாத்தேன். "பூமி பூஜை முடிஞ்சுட்டா"ன்னாக. "காதுகுத்துல பிள்ளை அழுதுச்சா"ன்னேன். கண்டக்டர் "ஆறுமுகநேரி இறங்குறது யாரு"ன்னு கத்துனாரு. அவுக திடுக்குன்னு, "கனி, நீ அங்க வந்து எதுவும் பேசிராத. எம் மக ஆசைப்பட்டுட்டா. உங்க அண்ணன் வீட்டுக்கு நான் பொண்ணு கொடுக்க மாட்டேன்"னாக. நான் அவுககிட்ட எதைக் கெஞ்சணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேனோ, அதை அவுக என்கிட்ட கெஞ்சுதாக. கண்டுபிடிச்சுட்டேன் பாருங்க. சுபா அவுககிட்டயும் சொல்லியிருக்கா! "அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது"ன்னு!

வந்தது பாருங்க எனக்கு ஆத்திரம். மூணு மாசமா நான்தான் அவளுக்கு வலது கைன்னு நெனச்சிருக்கேன், அவ எனக்குத் தெரியாமலே இன்னொருத்தரைச் சேத்திருக்கா. "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது"ன்னு கேட்டேன். "வாக்கிங் போகும்போது போன்ல தமிழ்ல பேசுனா கனி, நானாக் கேட்டுக் கண்டுபிடிச்சேன், என் மூளைக்கு அது எம்மாத்திரம்"னாக. பாவம், அவுகளுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் ரகசியம்னு நெனப்பு, இவ தமிழ்ல பேசவும் கோட்டை விட்டுட்டான்னு சந்தோஷப்பட்டிருக்காக.

நல்லா நாலு கேக்கணும்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவுக சொன்னாக: "பூமி பூஜைன்னு உன்னைத் தூத்துக்குடியில உக்கார வச்சுட்டு, உன் தம்பியும் அவன் பொண்டாட்டியும் வந்து தாரை வாப்பாங்கன்னு சுபா சொன்னா. நான் ஓரமா நின்னு பாத்துட்டு வந்துரலாம்னு கிளம்பிட்டேன். ஆனா வண்டி பழுதாகி அந்த வெயில்ல நின்னப்ப ஒண்ணு தோணுச்சு கனி, போகாமத் திரும்பிரலாமான்னு. எம் பிள்ளை கையை இன்னொருத்தன் பிடிச்சுக் கொடுக்கிறதை என்னால பாக்க முடியாது. நீ இருந்தா உக்காந்திருப்பேன். நீ தண்ணி ஊத்தாம நான் யாரு கையைப் பிடிச்சுக் கொடுத்து என்ன?"

அக்கா, எங்க வீட்டுக்காரக பேரு தவசிலிங்கம். பேரைச் சொல்லிட்டேன், இன்னைக்கு மட்டும் சொல்லலாம். முப்பது வருசத்துல எனக்கு அவுக மேல இப்படி ஒரு ஆசை வந்ததே இல்ல. பஸ்ஸுன்னு கூடப் பாக்காம அவுக தோளுல மூஞ்சியை வச்சு அழுதுட்டேன். மை பூராவும் அவுக பட்டுச் சட்டையில. நாத்தனார் அண்டாவை உடைச்சதை இனிமே சொல்லிக் காட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோன்னு இப்ப தோணுது.

அப்பறம் ரெண்டு பேரும் சேந்து ஒரு முடிவு எடுத்தோம். சுபாவுக்கு இது தெரியக் கூடாது. கோயில்ல ஜோடியாப் போய் மனையில உக்காந்து அவளை அசத்தணும். அதான் அவுக முன்சீட்டுக்குப் போயிட்டாக. அவுக முன்வாசல்ல இறங்குவாக, நான் பின்வாசல்ல. கோயில் பக்கத்துல நாழிக்கிணத்துகிட்ட வந்து சேந்துக்குவோம். பிள்ளை எங்களை ஒண்ணாப் பாத்தா மயக்கம் போட்டு விழப் போகுது.

இருங்க, பால்துரைக்கு ஒரு போன் போட்டு, நீ மனையில உக்கார வேண்டாம்னு மட்டும் சொல்லிருதேன். வேட்டி கட்டிக்கிட்டுத் தயாரா இருப்பான், பாவம்.

ஹலோ, தம்பி. அக்காதான். தாரை வாக்கிறதுக்கு நீ உக்கார வேண்டாம், நாங்க... என்னது? உன்னை யாரும் உக்காரச் சொல்லலையா? ஆரம்பத்துல இருந்தேயா? அப்ப யாரு பேரைச் சொல்லியிருக்கா? என் பேரும் மச்சான் பேருமா? ஐயர்கிட்டயே சொல்லி வச்சிருக்காளா? மாலையா? எங்களுக்கா? ரெண்டு மாலையா? சரிடா. வாரோம். வாரோம்டா.

எனக்கும் அவுகளுக்கும் சேத்து மாலை சொல்லியிருக்காளாம்க்கா. சொம்பு கூட எங்க கல்யாணத்துச் சொம்பாம், பரண்ல இருந்ததை எப்ப எடுத்தாளோ. மனையில எங்க ரெண்டு பேரு பேரு மட்டும்தானாம், வேற யாரு பேரும் சொல்லவே இல்லையாம்.

இருங்க, கண்ணைத் துடைச்சுக்கிடுதேன். கோபுரம் தெரியுது பாருங்க, கும்பிட்டுக்கோங்க.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்லக்கா. ரெண்டு மாலை சொல்லி வச்சிருக்கான்னா, அவுக ஏறுன வண்டி நடுவழியில பழுதாகி இந்த பஸ்ஸுக்கு வருவாகன்னு அவளுக்கு எப்படி முன்னாடியே தெரியும்?

ஏன் சிரிக்கீக? சொல்லிட்டுச் சிரிங்களேன்.